பகலில் பச்சை, விளக்கில் சிவப்பு

மலைக்கு அடியில் கற்கள் வாய்விட்டுப் பேசிய காலம் அது. அங்கே கொதிக்கும் பாறைக்குழம்பில் தணலி என்றொரு பெண் இருந்தாள். இளம்பச்சை நிறத்தாள். அவள் குலத்தில் ஒரு வழக்கம் உண்டு. குழம்பு ஆறுவதற்குள் வேண்டிய மணலைச் சேர்த்துக்கொண்டு கல்லாக உறைந்துவிட வேண்டும். உறைந்தபின் அசைய முடியாது. அக்காக்கள் ஒவ்வொருத்தியாக ஆளுயரத் தூண்களாகிக்கொண்டிருந்தார்கள்.

தணலியின் மனமோ பக்கத்துக் கரும்பாறையில் இருந்தது. அங்கே காரி இருந்தான். அடி நெருப்பின் வெளிச்சத்திலேயே வளர்ந்த சிவந்த மேனிக்காரன் என்று கேள்வி. விரிசல் வழியாக அவன் குரல் மட்டும் வரும்.

“இன்னும் உறையலையா நீ?”

“உன்னை ஒருதரம் பார்க்காம எப்படி உறையறது?”

கடைசி அக்கா சிரித்தாள். “முகம் தெரியாதவன்மேல என்னடி இத்தனை மயக்கம்? மணல் இருக்கும்போதே உறைஞ்சுக்கோ. இல்லேன்னா குன்றிமணி அளவுதான் மிஞ்சுவே.”

தணலி விரிசலுக்குப் போனாள். வாசலில் அபிரகம் எனும் காக்காப்பொன் கூட்டம் மினுமினுத்தபடி காவல் நின்றது.

“சீர் இல்லாம இந்த வீட்டுக்குள்ள பொண்ணு வர்றதில்லை. மணலை வை.”

ஒரு பிடி வைத்தாள்.

“உங்க வீட்டுல அவ்வளவு பஞ்சமா?”

இருந்ததையெல்லாம் கொடுத்தாள். அவர்களோ ஒவ்வொரு பிடியையும் மெல்லிய ஏடாகத் தட்டி, அடுக்கி வைத்த பிறகே அடுத்த பிடியை வாங்கினார்கள். அது அவர்கள் வழக்கம். குழம்பு ஆறிக்கொண்டே வந்தது.

வாசல் விரலளவு திறந்தபோது தணலியின் கால்கள் இறுகிவிட்டன. எங்கும் ஆவி. ஒன்றும் தெரியவில்லை.

“காரி! கையை நீட்டு!”

நீட்டினான். அவன் விரல்நுனியும் அதோடு அவன் உயிரும் அவளுக்குள் நுழைந்தன. அந்த நொடியில் தணலி உறைந்துபோனாள்.

மலை தேய்ந்தது. ஆறு அவளை உருட்டிக்கொண்டு போனது. கூட வந்த கற்கள் பொடியாயின. அவள்மேல் ஒரு கீறலும் விழவில்லை. அத்தனை கெட்டி.

வெயில் பட்டதும் தணலி கண் திறந்து காரியைத் தேடினாள். வெயில் பழகாத அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். தேடித் தேடி அவள் அயர்ந்து தூங்கிவிட்ட பிறகு, கல்லை ஆற்றிலிருந்து எடுத்துப்போன ஏதோ ஒரு வீட்டில் விளக்கேற்றினார்கள். தன் பழைய நெருப்பென்று காரி விழித்துக்கொண்டான். “தணலி” என்று கூப்பிட்டான்.

அந்த நாள் தொட்டுத்தான், அலெக்சாண்டிரைட் என்னும் அந்த அரிய கல் வெயிலில் பச்சையாகவும் விளக்கொளியில் சிவப்பாகவும் இருக்கிறது. குடியிருப்பது ஒரே கல்லில். முகம் பார்த்துக்கொண்டது இன்னும் இல்லை.