நங்கூரம் விழுந்த துறை

காதைக் கொடுத்துக் கேளுங்கள். கடைசியில் ஒரு கேள்வி உண்டு.

சேந்தன்துறையைப் புயல் வாரிச் சுருட்டிப் போட்டது. களஞ்சியம் கடலோடு போயிற்று. ஓர் அடுப்பும் புகையவில்லை. துறைத் தலைவி கொற்றி கடலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வந்தது பகைநாடான மாலங்குடியின் அரிசிக் கப்பல். கரையே துள்ளிக் குதித்தது.

ஆனால் கப்பல் நங்கூரம் போடவில்லை; துடுப்பு வலித்தபடி தள்ளியே நின்றது. ஏன் என்று கொற்றிக்குத் தெரியும். அந்தக் கரை நாடுகள் எல்லாம் ஒப்புக்கொண்ட வழக்கம் அது: புயலடித்த துறையில் நங்கூரம் தரை தொட்டால் கப்பலின் தானியம் ஊருக்குச் சொந்தம், அங்கிருந்து யாரையும் பிடித்துக்கொண்டு போகவும் கூடாது.

தூதன் கீரந்தை படகில் வந்தான். மாலங்குடியில் முத்துக்குளிப்பில் செத்தவர்களின் பிள்ளைகளை மன்னன் அதே கடலில் இறக்கப் பார்க்க, தாய்மார் பிள்ளைகளோடு இங்கே அடைக்கலம் வந்திருந்தார்கள். யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று கொற்றி கடல்நீர் தொட்டுச் சத்தியம் செய்திருந்தாள். அவர்களைக் கப்பலில் ஏற்று, அப்புறம் அரிசி இறங்கும் என்றான் தூதன்.

"யார் பெற்ற பிள்ளைக்கோ நம் பிள்ளை சாகணுமா, தலைவி?" என்று கேட்டான் ஒருவன். கொற்றி எண்ணிப் பார்த்தாள். கொடுத்தால் வாக்கு போகும். கொடுக்காவிட்டால் ஊர் போகும்.

அந்தத் தாய்மாரில் ஒருத்தி, வெள்ளைச்சி, முன்னே வந்தாள். கடல் வழக்கம் எதுவும் அறியாதவள்.

"உன் சத்தியம் உன்னிடமே இருக்கட்டும், தாயே. நாங்களாகவே ஏறிக்கொள்கிறோம்."

கொற்றி தடுக்கவில்லை. தாய்மாரும் பிள்ளைகளும் ஏறிய படகைத் தானே தள்ளி, அவளும் ஏறினாள்.

கப்பலருகே அலை புரட்டியது. நூலேணி ஊசலாடியது. தூதன் சொல்லைத் தட்டினால் தலை போகும் என்ற கட்டளையோடு வந்தவன் மாலுமித் தலைவன் நன்னாகன். அவன் யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னான்: "ஐயா, இப்படி ஆடுகிற கப்பலில் ஏற்றினால் பாதிப் பிள்ளைகள் கடலுக்குத்தான். மன்னரிடம் எதைக் காட்டுவீர்கள்?"

பிள்ளைகள் கைக்கெட்டிய அவசரத்தில் தூதனுக்கு நங்கூர வழக்கம் மறந்துபோயிற்று. "நங்கூரத்தைப் போட்டுத் தொலை" என்று எரிந்து விழுந்தான்.

விழுந்தது. கயிறு விறைத்தது. கொற்றி படகிலேயே எழுந்து நின்று கூவினாள்: "மாலங்குடி மன்னர் நமக்கு அரிசி அனுப்பினார்! மன்னர் வாழ்க!"

கரை முழுதும் அதையே முழங்கியது. தூதன் வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். இல்லை என்றால் மன்னன் மானம் போகும். மூட்டைகள் இறங்கின. பிள்ளைகள் ஏணியைத் தொடாமலே கரை திரும்பினார்கள். புகழ் ருசித்த மன்னன் பகையையும் விட்டான்.

ஊர் ஒரு வலம்புரிச் சங்கைப் பரிசாக வைத்தது. மன்னனையும் மடக்கிய கொற்றிக்கா, தன்னையே கொடுக்க வந்த வெள்ளைச்சிக்கா, ஒரு வார்த்தை சொன்ன நன்னாகனுக்கா? சங்கு யாருக்குச் சேரவேண்டும்?

விடை: நன்னாகனுக்கு. காப்பது கொற்றியின் வேலை. அவளும் படகைத் தள்ளிவிட்டாள். நன்னாகனுக்கு அந்தக் கரையில் உறவில்லை, கடமையில்லை. பணயம் வைக்கத் தலை மட்டும் இருந்தது. வெள்ளைச்சிக்கு ஏன் இல்லை என்கிறீர்களா? பசியைக் காட்டி வாங்கிய சம்மதத்துக்குப் பரிசு கொடுத்துப் பாருங்கள். அடுத்த புயலிலும் அடைக்கலம் வந்தவளிடம்தான் போய்க் கேட்பார்கள்.