இருட்டு அலமாரியின் சாவி

விவசாயக் கல்லூரி ஆய்வுக்கூடம் ஒன்றில் பொன்னுரங்கம் என்றொரு மாணவர் இருந்தார். பள்ளிக்கூட வாத்தியார், தலை நரைத்த பிறகு முனைவர் பட்டத்துக்குப் படிக்க வந்தவர். அவருக்குக் குரு மேகலா மேடம். வயதில் இளையவர், வீட்டில் கைக்குழந்தை.

வேலை இதுதான். கம்பு நாற்றை இருட்டு அலமாரியில் வெளிற வெளிற வளர்க்க வேண்டும். ஐஸில் வைத்து மெல்ல அரைத்து, மைட்டோகாண்ட்ரியா என்கிற பொடிப் பைகளைப் பிரிக்க வேண்டும். பைகளின் மேல் வேறு டிஎன்ஏ ஒட்டிக்கொண்டு வரும். அதைத் தின்ன ஒரு நொதியை விட வேண்டும். பிறகு நொதியைக் கழுவிவிட்டுப் பைகளை உடைத்தால், உள்ளே இருக்கும் டிஎன்ஏ மட்டும் கிடைக்கும்.

பொன்னுரங்கத்துக்குக் கை கனம். அரைக்கும்போதே பைகள் கிழிந்துவிடும். நொதி உள்ளே புகுந்து எல்லாவற்றையும் தின்றுவிடும். குழாயில் ஒன்றும் மிஞ்சாது.

ஒருநாள் நொதியை விடாமலே முடித்தார். வெளியே ஒட்டியிருந்த டிஎன்ஏவும் சேர்ந்து, குழாயில் பஞ்சு மாதிரி வெள்ளையாகத் திரண்டு வந்தது. அப்படியே பழகிப்போனது.

சனிக்கிழமை எல்லாரும் குழாய்களை மேசையில் வைத்தார்கள். கூடப் படிக்கும் அஞ்சுகத்தின் குழாயில், அடியில் ஒரு மங்கல் மட்டும்.

"என்ன அஞ்சுகம், கொசுவோட கண்ணீரா?" என்றது ஒரு குரல். எல்லாரும் சிரித்தார்கள். பொன்னுரங்கமும் சிரித்தார்.

மேடம் அவள் குழாயையும் பொன்னுரங்கத்தின் பஞ்சுக் குழாயையும் பார்த்தார். "உன் கம்பு ரகங்களையும் பொன்னுரங்கம் சாரே செய்யட்டும்மா. விதை கொஞ்சம்தான் இருக்கு, வீணாக்க முடியாது."

அந்த ரகங்கள்தான் அவளுடைய மொத்த ஆய்வும்.

அஞ்சுகம் எழுந்து வந்தாள். எல்லாரும் பார்க்க, இருட்டு அலமாரியின் சாவியைப் பொன்னுரங்கத்தின் உள்ளங்கையில் வைத்தாள்.

"என் பிள்ளைங்களைப் பார்த்துக்குங்க சார். ஆசையில கதவைத் திறந்து திறந்து பார்க்காதீங்க, பச்சை புடிச்சிரும்."

சிரிக்கத்தான் பார்த்தாள். வரவில்லை.

அன்று பொன்னுரங்கம் டிபன் டப்பாவைத் திறக்கவே இல்லை.

மறுநாள் ஞாயிறு. மேடத்தைத் தேடி வந்தார். ஆய்வுக்கூடத்தில் வேறு யாரும் இல்லை.

"மேடம், கொஞ்சமா வர்றது கையோட குத்தமா?"

மேடம் எழுந்தார். "நாத்தைக் கொண்டு வாங்க சார். இன்னைக்கு நானும் கூட இருக்கேன்."

அவர் அரைத்தார். மேடம் சற்று நேரம் பார்த்தார்.

"குழந்தைக்குத் தலை துவட்டியிருக்கீங்களா?"

"அதெல்லாம் வீட்டுக்காரிதான் மேடம்."

"தெரியுது." குழவியை வாங்கி அவரே அரைத்தார்.

பைகள் பிரிந்து வந்தன. மேடம் கையை நீட்டினார். "நொதி."

பொன்னுரங்கம் ஃப்ரீசரைத் திறந்தார். அவருக்கென்று மேடம் எப்போதோ கொடுத்த குப்பி. சீல் உடையாமல் அப்படியே இருந்தது. எடுத்துக் கொடுத்தார்.

மேடம் சீலைப் பார்த்தார். அவரைப் பார்க்கவில்லை. நகத்தால் கிழித்தார், துளியை விட்டார்.

சாயங்காலம் குழாயை வெளிச்சத்தில் பிடித்தார்கள். அடியில் ஒரு மங்கல்.

"இவ்வளவுதானா மேடம்?"

"இவ்வளவுதான்."

"உங்க கைக்குமா?"

"என் கைக்கும்."

பொன்னுரங்கத்துக்குக் காது வரை சுட்டது. தலையை நிமிர்த்தாமலே சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"இதை இப்பவே அஞ்சுகத்தோட டிராயர்ல போட்டுட்டுப் போயிடறேன் மேடம். நாளைக்கு வந்தா எடுத்துக்கும்."

மேடம் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"உங்க டிராயர்லயா போட்டுச்சு அந்தப் பொண்ணு?"