ஏனாதியின் வயலும் அரசியின் சீப்பும்

முன்னொரு காலத்தில், மழையும் மன்னன் மனமும் எப்போது மாறும் என்று எவராலும் சொல்ல முடியாத பூவல நாட்டைத் தழல்வேலன் என்னும் அரசன் ஆண்டு வந்தான். அரண்மனை அடுப்புச் சாம்பலை வண்டிகளில் ஏற்றி, வாழையும் கரும்பும் கிழங்கும் பயிரிடுவோருக்கு இலவசமாக அனுப்புவது அவனுடைய அமைச்சர் வெண்மாறர் ஏற்படுத்திய வழக்கம். வண்டி போகும் தெருவெல்லாம் குடிமக்கள் அமைச்சரை வாழ்த்தினார்கள். அந்த வாழ்த்து, ஏனாதிப் பட்டம் பெற்ற பிரபு வல்லபரின் காதில் காய்ச்சிய ஈயமாய் இறங்கியது.

ஒருநாள் வல்லபர் தலைப்பாகையைச் சரிசெய்தபடி அவையில் எழுந்தார்.

"மன்னா, ஆற்றங்கரையில் உள்ள என் நெல்வயலில் பாதிக்குச் சாம்பல் இட்டேன், பாதிக்கு இடவில்லை. இரண்டிலும் ஒரே விளைச்சல்! அமைச்சர் குப்பையை அள்ளிக் கொடுத்துப் புகழை அள்ளிக்கொள்கிறார்."

அரசன் துள்ளி எழுந்தான். "அப்படியா! நிறுத்துங்கள் வண்டிகளை! வெண்மாறரே, நாளை அவையில் மறுமொழி சொல்லும். இல்லையேல் அந்தச் சாம்பலையே பூசிக் கழுதைமேல் ஊர்வலம்!" கழுதை அன்று, எருமை என்று சொல்வாரும் உளர், சாம்பலில் மட்டும் எல்லோரும் உடன்படுகிறார்கள்.

வெண்மாறர் அன்று மாலையே ஏனாதியின் வயலையும் தோப்பையும் போய்ப் பார்த்தார். ஏனாதி சொன்னது பொய்யாக இருந்தால் எளிதில் வென்றிருக்கலாம். உண்மையாக அல்லவா இருக்கிறது!

மறுநாள் அவர் அரசியின் தந்தச் சீப்போடும் ஒரு வாழையிலைக் கட்டோடும் வந்தார்.

"ஏனாதியாரே, சற்றுத் தலைப்பாகையைக் கழற்றும்."

கழற்றினார். சாம்பல் பூசணியைக் கழுவி வைத்ததுபோல் பளபளத்தது தலை. அமைச்சர் அதன்மேல் இருமுறை சீப்பை இழுத்தார்.

"முன்பும் இப்படித்தான், பின்பும் இப்படித்தான். மன்னா, சீப்பு பயனற்றது என்று தெளிந்தது. நாட்டுச் சீப்புகளையெல்லாம் கொளுத்த ஆணையிடுங்கள். அரசியாரின் இந்தச் சீப்பிலிருந்தே தொடங்கலாம்."

"ஐயையோ! அரசி என்னையும் சேர்த்துக் கொளுத்திவிடுவாள்! முடியே இல்லாத தலையில் சீப்புக்கு என்னய்யா வேலை?"

"ஏனாதியாரின் வயலில் சாம்பலுக்கும் வேலையில்லை, மன்னா. ஆண்டுதோறும் ஆற்று வண்டல் படிகிறது. வைக்கோலையும் அங்கேயே மண்ணோடு மடக்கி உழுகிறார். நெல் தான் உண்ட சாம்பல்சத்தில் பெரும்பகுதியை வைக்கோலில் வைத்திருந்து மண்ணுக்கே திருப்பித் தந்துவிடுகிறது. வாழையும் கரும்பும் கிழங்குமோ பந்தி முடிந்தும் எழாத விருந்தாளிகள்."

"சொல் நன்று. சான்று?"

அமைச்சர் இரண்டு இலைகளை விரித்தார். ஒன்று விளிம்புவரை பச்சை. மற்றதன் ஓரம் தணலில் வாட்டியதுபோல் கருகிக் கிழிந்திருந்தது.

"பச்சை இலை, சாம்பல் வாங்கிய குடியானவர் தோப்பினது. கருகியது, மேட்டில் உள்ள ஏனாதியாரின் தோப்பினது. என் வண்டியைத் தோப்பு வாசலிலேயே திருப்பி அனுப்பியவர் அவர்."

"வெயில்... அங்கே வெயில் அதிகம்," என்றார் வல்லபர்.

"இரண்டு தோப்புக்கும் நடுவே ஒரு வேலிதானே ஐயா? வெயில் வேலி பார்த்தா அடிக்கிறது?"

அவை அதிரச் சிரித்த அரசன், தன் முத்துமாலையை அமைச்சருக்கு அணிவித்தான். "வண்டிகள் ஓடட்டும்! முதல் வண்டியை ஏனாதியே தம் தோப்புக்கு ஓட்டட்டும். அங்கே இலை பச்சையாகும் வரை, அரண்மனை விருந்தில் அவருக்கு அவர் தோப்பு இலையிலேயே சாப்பாடு."

அப்படியே நடந்தது. விருந்துதோறும் கருகிய ஓரத்துக் கிழிசல் வழியே ரசம் ஏனாதியின் மடிக்கு இறங்கியது. பரிமாறுவோர் மற்றவர்களைக் கேட்டபின் ஊற்றினார்கள். அவருக்கு மட்டும் கேளாமலே இரண்டாம் முறையும் ஊற்றினார்கள்.