ஆத்தைத் திருப்புறேன்னு சொன்ன பூபதி

ம் கொட்டுங்க கண்ணுங்களா, நீங்க ம் கொட்டுனாத்தான் கதை நடக்கும்.

ஒரு தேசத்துல ராஜா வாரிசில்லாம செத்துப்போயிட்டாரு. "வீட்டுக்கு ஒரு கூழாங்கல்லு, யாரு பானையில கல்லு அதிகமோ அவருதான் ராஜா"ன்னு தமுக்கடிச்சாங்க. ரெண்டு பேரு நின்னாங்க. ஒருத்தரு மாரப்ப பூபதி, தலையில பட்டு உருமாலை, தேனாட்டம் பேச்சு. இன்னொருத்தரு செங்கோடன், வாயைத் தொறந்தா வள்ளுன்னு விழுவாரு.

கருங்கல்பட்டியில வேலாத்தான்னு ஒருத்தி இருந்தா. அந்த ஊர்ல மழையே இல்ல, மாடெல்லாம் தண்ணிக்குத் தவிச்சுக் கெடக்குது. செங்கோடன் வந்து, "ஆத்தைக் கொண்டாறதெல்லாம் ஆகாது. ஏரியைத் தூர் வாரலாம், நீங்களும் மண்வெட்டியோட வரோணும்"னாரு. சனங்க மூஞ்சியைச் சுளிச்சாங்க. அப்புறம் பூபதி வந்து, "உங்க ஊர்ப்பக்கம் ஆத்தையே திருப்பி விடுறேன்!"னாரு. ஊரே ஓன்னு கத்துச்சு.

வேலாத்தா புருசன் குப்பண்ணன்கிட்டக் கேட்டா: "ஏனுங்க, அத்தனை பெரிய ஆத்தை எப்படித் திருப்புவாரு?"

"அது அவரு பாடு. உனக்கென்ன?" அப்படின்னான் குப்பண்ணன்.

"நம்ம கல்லுத்தானுங்களே? தெரிஞ்சுக்கிட்டுப் போடுவோம்."

தெரிஞ்சுக்காம அவளுக்குச் சோறு எறங்கல. பூபதி பல்லக்குப் பின்னாலயே நடந்தா. பல்லக்கு கெழக்கால நொச்சிப்பாளையம் போச்சு. அங்கயும், "உங்க ஊர்ப்பக்கம் ஆத்தையே திருப்பி விடுறேன்!" அந்த ஊரும் ஓன்னு கத்துச்சு. அப்புறம் மேக்கால ஓடைக்காடு போச்சு. அங்க என்ன சொல்லியிருப்பாரு, சொல்லுங்க பாப்போம்? ஆங், அதேதான்!

வேலாத்தாளுக்குக் கோவம்கூட வரல, ஆச்சரியமாப் போச்சு. ஒரே ஆறு கெழக்கயும் மேக்கயும் எப்படிங்க போகும்? சரி, இன்னொருத்தரையும் பாத்துருவோம்னு செங்கோடன் ஊருக்குப் போனா. அவரு ஏரிச் சேத்துல முழங்காலளவு நின்னுக்கிட்டு எல்லாரையும் வைஞ்சுக்கிட்டிருந்தாரு.

"இப்படித்தான் வைவாரா?"ன்னு அங்க ஒருத்திகிட்டக் கேட்டா.

"தெனமும் வைவாரு. தெனமும் மொத ஆளா எறங்கியும் நிப்பாரு."

கல்லுப் போடற நாளு வந்துச்சு. சந்தைத் திடல்ல எல்லா ஊர்ச் சனமும் கூடியிருக்குது. வேலாத்தா பூபதியைப் பாத்து எந்திரிச்சு நின்னுட்டா.

"சாமி, ஆறு எந்த ஊருக்கு வருமுங்க?"

"உங்க ஊருக்குத்தான் தாயி!"

"எங்களுக்குன்னீங்களே?"ன்னு நொச்சிப்பாளையம் எந்திரிச்சுது. "எங்களுக்குன்னீங்களே?"ன்னு ஓடைக்காடு எந்திரிச்சுது.

"எல்லாத்துக்கும்தான்..."னு பூபதி இழுத்தாரு.

"ஆறு ஒண்ணுதானுங்களே?"

பூபதிக்கு மூஞ்சி செவந்துபோச்சு. "இந்தப் பொம்பளையை இழுத்துட்டுப் போங்கடா!"ன்னு பல்லக்குத் தூக்கறவங்களைப் பாத்துக் கத்துனாரு. ஒருத்தனும் அசையல. "நாங்களும் ஓடைக்காட்டுக்காரங்கதானுங்க"ன்னு சொல்லிட்டு, பல்லக்கை அங்கயே போட்டுட்டு நடந்துட்டாங்க. சுடுமணல்ல வெறுங்காலோட, குதிச்சுக் குதிச்சு வீடு போய்ச் சேந்தாரு பூபதி. அவரு பானையில ஒத்தக் கல்லு விழல.

செங்கோடன் ராஜாவானாரு. வேலாத்தா சும்மா இருந்தாளா? மறுவாரமே ராஜா கருங்கல்பட்டி ஏரியில தூர் வார எறங்குனாரு, இவ கரையில போயி நின்னுக்கிட்டா.

"என்ன, நம்பலையா?"ன்னு வள்ளுன்னு விழுந்தாரு ராஜா.

"நம்பித்தானுங்க கல்லைப் போட்டேன். ஆனாலும் பாக்கோணுமில்லீங்களா?"

ராஜா அவ பாக்கறதுக்குத் தோதா ஒதுங்கி நின்னாரு.

ஆளைத் தேர்ந்தெடுக்கறவங்க கேக்கோணும், போயும் பாக்கோணும், கண்ணுங்களா. கதை அது வீட்டுக்குப் போயிருச்சு, நீங்க உங்க பாய்க்குப் போங்க.