கொற்றி அழித்த மூக்கு

சந்திரன் மலைக்கு இறங்கி வந்து எல்லோரோடும் வம்பளந்த அந்தக் காலத்தில், காவிக்கல்லைக் குழைத்துப் பாறையில் படம் வரைகிறவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரே விதி: எதையும் முழுதாக வரையக் கூடாது. வரைந்தால், வரையப்பட்ட உயிர் பாறையோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் மானுக்கு வாலையும் பன்றிக்கு ஒரு காலையும் விட்டுவிடுவார்கள்.

கொற்றி அப்படி வரைகிறவள். ஒன்பது மாதச் சூலி. பத்தாவது பிறைக்குக் காத்திருந்தாள். அப்போதெல்லாம் பிள்ளைகள் பிறை பார்த்துத்தான் பிறந்தன.

ஒரு பௌர்ணமி மாலை சந்திரன் வந்து நின்றான்.

“பன்றிக்குக்கூடப் படம் இருக்கு. எனக்கு இல்லையே, கொற்றி?”

“வரையலாம் சாமி. ஆனா எதையாவது விட்டுத்தான் வரையணும்.”

“விடறதுக்கு என்கிட்ட வாலா இருக்கு?”

கொற்றிக்கு அது நியாயமாகப் பட்டது. விதி நாலுகால் பிராணிகளுக்கு மட்டும்தான் என்று முடிவுகட்டினாள். (விதிக்கு உரை எழுதுகிறவர்கள் இன்றும் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.) அந்தப் பெரிய மூக்கு உட்பட முகத்தை அச்சு அசலாக வரைந்து, கடைசியில் படத்துக்குக் கண் திறந்தாள். படத்துக்குப் பக்கத்திலேயே சந்திரனின் முதுகு பாறையில் ஒட்டிக்கொண்டது.

வானம் காலியாயிற்று. நாள்கள் போயின, மாதம் போகவில்லை. பிள்ளை உதைத்ததே தவிர, வெளியே வருவதாக இல்லை.

“இன்னும் அதே ஒன்பதா?” என்று அந்தப் பக்கம் வந்த முயல் ஒன்று விசாரித்தது. “பிள்ளை உள்ளேயே கிழவனாயிடப் போகுது, பார்த்துக்கோ.”

கொற்றி சொரசொரப்பான கல் ஒன்றை எடுத்தாள். படத்தின் கண்களைத் தேய்த்தாள், வாயைத் தேய்த்தாள்.

“மூக்கையாவது விட்டு வை, தாயி!” என்று கெஞ்சினான் சந்திரன்.

“மூக்கு இருந்தா அது நீங்கதான், சாமி. அது நீங்களா இருக்கிறவரைக்கும் உங்களால நகர முடியாது.”

மூக்கும் போயிற்று. மிஞ்சியது ஒரு வட்டம்.

“இது என்ன, கிழங்கா?” என்றது முயல்.

“இது நான் இல்லவே இல்லை!” என்று சந்திரன் கோபத்தில் துள்ளினான். துள்ளிய பிறகுதான் முதுகு விடுபட்டது தெரிந்தது. அதே வேகத்தில் வானத்துக்குப் போனவன், பிறகு இறங்கவே இல்லை. தேய்ந்து, மறைந்து, பதினேழாம் நாள் பிறையாகத் தெரிந்தான். மறுநாள் கொற்றிக்குப் பெண் பிறந்தாள்.

அன்று தொட்டுத்தான் ஓவியர்கள் நிலாவை வெறும் வட்டமாக வரைகிறார்கள். காட்சிக்கூடத்தில் யாராவது, “நிலா மாதிரியே இல்லையே” என்று குறைப்பட்டால் அவர்கள் மறுத்துப் பேசுவதில்லை. மாதம் நடக்க வேண்டாமா?