தவளைப் பாட்டும் யானையின் தீர்ப்பும்

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், சண்டை சச்சரவு வந்தால் தீர்த்து வைப்பது ஒரு பெண் யானை. அதற்கு நிறையத் தெரியும். தெரியும் என்கிற நினைப்பும் கொஞ்சம் உண்டு.

அந்தக் காட்டுக்கு எல்லா விலங்குகளும் கூடி வகுத்த பொதுச்சட்டம் ஒன்று இருந்தது. அவரவர் கும்பிடுவதை அவரவர் வழியில் கும்பிடலாம், அதனால் அடுத்தவர் உயிருக்கும் தண்ணீருக்கும் கேடு வரக்கூடாது என்பது அதன் முதல் விதி.

மழை வரும் முன்னே தவளைகள் குளத்தில் கூடிப் பாடும். அதுதான் அவை மழைத்தாயைக் கும்பிடும் முறை. அதன்மேல் நரி வழக்குப் போட்டது. காது கிழிகிறதாம், தூக்கம் கெடுகிறதாம்.

யானை தவளைத் தலைவியை வரவழைத்தது. யாருக்காவது கேடு வந்ததா என்று கேட்டிருந்தால் போதும். ஆனால் அந்தக் கேள்வி யானைக்கு ரொம்பச் சாதாரணமாகப் பட்டது. இன்னும் ஆழமாக ஒன்றைக் கேட்க ஆசைப்பட்டது.

“கும்பிடுவதற்குப் பாட்டு அவசியமா? பாடாவிட்டால் மழைத்தாய் கோபித்துக்கொள்வாளா?”

தவளைக்குப் பொய் சொல்லத் தெரியாது. “கோபமெல்லாம் இல்லீங்க தாயே. அவசியம்னு சொல்ல முடியாது. பிரியம். அவ வர்றான்னு தெரிஞ்சா தொண்டை தானா திறந்துக்குது.”

யானை முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது. பாட்டு அவசியமில்லை என்று தவளையே ஒப்புக்கொண்டுவிட்டது, அவசியமில்லாததைச் சட்டம் காப்பாற்றாது, இனி மனசுக்குள் கும்பிடட்டும் என்று தீர்ப்புச் சொன்னது. இவ்வளவு நுட்பமான தீர்ப்பைத் தன் பரம்பரையே கேட்டதில்லை என்றது நரி. யானைக்குக் காது இரண்டும் குளிர்ந்துபோயின.

அந்த மழைக்குத் தவளைகள் வாயை மூடி உட்கார்ந்திருந்தன. தொண்டை மட்டும் உப்பி உப்பி அடங்கியது. தண்ணீர் குடிக்க வந்த யானை, குளம் எவ்வளவு அமைதியாகிவிட்டது என்று தன்னையே மெச்சிக்கொண்டது.

மழை ஓய்ந்ததும் நரி மறுபடி வந்தது. இந்த முறை வழக்கு யானைகள் மேல்.

ஆற்றோரத்தில் தீர்ப்புச் சொல்லும் அந்தப் பெண் யானையினுடைய தாயின் எலும்புகள் கிடந்தன. யானைக்கூட்டம் அங்கே நின்று அவற்றைத் தும்பிக்கையால் தடவிக்கொடுக்கும். எப்போது பார்த்தாலும் ஒரு யானையாவது நிற்கும். அதனால் நரியால் ஓர் எலும்பைக்கூடக் கவ்விக்கொண்டு போக முடியவில்லை.

“நீதியம்மா, ஒரே கேள்விதான்” என்றது நரி. “நீங்க தடவலைன்னா செத்துப்போன உங்கம்மாவுக்கு ஏதாச்சும் குறைஞ்சிடுமா? தடவறது அவசியமா?”

யானை வாயைத் திறந்தது. அவசியம் என்று சொல்ல வரவில்லை. அம்மாவுக்கு ஒன்றும் குறையாது என்று அதற்கே தெரியும். பிரியம் என்று சொல்லலாம். ஆனால் இதே இடத்தில் அதே சொல்லை ஒரு தவளை சொன்னபோது, அதைத் தான் காதில் போட்டுக்கொள்ளவே இல்லையே. யானையின் தலை தானாகத் தாழ்ந்தது.

“கேள்வியே தப்பு” என்றது கடைசியில். “யாருக்குக் கேடு என்றுதான் சட்டம் பார்க்கச் சொல்கிறது. நாங்கள் தடவுவதால் யார் உயிருக்கும் தண்ணீருக்கும் கேடில்லை. தவளைகள் பாடியதாலும் இல்லை. அந்தத் தீர்ப்பை ரத்து செய்கிறேன்.”

நரி முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டது.

யானை தானே குளத்துக்கு நடந்துபோய்ச் செய்தி சொன்னது. தவளைகள் குதித்துக் கூத்தாடின. தலைவி மட்டும் அருகில் வந்தது.

“எங்க வழக்குல தப்பு நடந்துபோச்சுன்னு தாயிக்கு எப்போ தெரிஞ்சுது?”

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. தன் தாயின் எலும்புக்கு வழக்கு வந்த பிறகுதான் என்பது யானைக்குத் தெரியும்; அது தலையைத் திருப்பிக்கொண்டு வந்த வழியே நடந்தது.

அடுத்த மழைக்குக் குளமே அதிரும்படி பாட்டு எழுந்தது. யானைக்கு நல்ல தாகம். ஆனாலும் பாடி முடியும்வரை மரத்துக்குப் பின்னாலேயே நின்றது. தண்ணீரில் இறங்க அதற்குக் கால் வரவில்லை.

நீதி: அடுத்தவர் நம்பிக்கையை அளக்கும் கோலால் முதலில் உன்னுடையதை அளந்து பார்.