கார்பன் அக்காவின் நான்கு கைகள்

முன்பு ஒரு காலத்தில், அதாவது போன செவ்வாய்க்கிழமை, சாண எரிவாயுக் குழாய் ஒன்றில் கார்பன் அக்கா மிதந்துகொண்டிருந்தாள். அவளுக்கு நான்கு கைகள். ஒவ்வொன்றிலும் ஒரு ஹைட்ரஜன் குட்டி. அவள் எந்தக் கையையும் விட்டதில்லை. மூக்கு அரித்தால்கூட விட்டதில்லை.

அவளுக்கு ஒரே பயம் அடுப்புதான். அங்கே ஆக்சிஜன் அண்ணன்மார் இருவர் வந்து ஆளுக்கு இரண்டு கையைப் பிடித்துக்கொள்வார்கள். பிறகு கரியமில வாயுவாகி, வானத்தில் அலைந்து, ஊரைச் சூடாக்கிய பழியைச் சுமக்க வேண்டியதுதான். அவளுடைய சித்திகள் எல்லாரும் அப்படித்தான் போனார்கள்.

குழாய் முடிந்த இடத்தில் ஊதா நிறத்தில் ஒருவன் சுழன்று ஆடிக்கொண்டிருந்தான். மின்னலுக்கு ஒன்றுவிட்ட தம்பி, பெயர் பிளாஸ்மா. காற்றாலை மின்சாரத்தை வயிறு முட்டக் குடித்திருந்தான்.

"ஏறுங்க அக்கா, ராட்டினம் கிளம்புது."

"நீ நெருப்புதானே?"

"நெருப்புக்கு ஆக்சிஜன் வேணும். இங்கே அந்த அண்ணன்களுக்கு அனுமதி இல்லை."

சுற்றிய சுற்றில் குட்டிகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அக்கா, கையை விடு."

"விட்டா உங்களுக்கு யாரு இருக்கா?"

"நாங்களே இருக்கோம். எரிபொருளாகி பஸ் ஓட்டப் போறோம்."

"ஓட்டிட்டு?"

"தண்ணியாகி இறங்கிடுவோம்."

அடுத்த சுற்றில் பிடி நழுவியது. குட்டிகள் இரண்டிரண்டாகக் கைகோத்து ஓடிவிட்டன. வெறுங்கையோடு அக்கா ஒரு இரும்பு நானோ துகளின் தலையில் போய் விழுந்தாள். அவனைப் போல் பத்தாயிரம் பேர் ஒரு தலைமுடியின் அகலத்துக்குள் வரிசையாக நிற்கலாம். ஆனால் அதிகாரம் மலையளவு.

"அழுகையெல்லாம் அப்புறம். பக்கத்தில் இருக்கிற மூணு பேர் கையைப் பிடிங்க."

மேலும் மேலும் கார்பன்கள் வந்து விழுந்தன. கைகள் கோக்கக் கோக்க அறுகோணங்கள் பின்னி, சுருண்டு, மெல்லிய குழலாக நீண்டன.

"நாலாவது கைக்கு ஆள் எங்கே?" என்று அக்கா துழாவினாள்.

"அது சும்மா இருக்கட்டும்."

"சும்மா இருந்து பழக்கமில்லையே தம்பி."

அந்தக் குழலை ஒரு பேட்டரிக்குள் வைத்தார்கள். உடனே யாரோ அவள் காலிக் கையைத் தட்டிவிட்டு ஓடினார்கள். கூச்சத்தில் அக்கா நெளிந்தாள்.

"யாரது?"

"எலக்ட்ரான், அக்கா. மின்சாரமாப் போய்க்கிட்டிருக்கேன். பின்னாடி கூட்டமே வருது, வழி விடுங்க."

அக்கா விரல்களை அகல விரித்தாள். இறுகப் பிடித்திருந்த நாளெல்லாம் அந்தக் கை வழியாக ஒருவர்கூடப் போனதில்லை.